கரைவாகுக் கரையில் மனையும் மகளும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, பெரியநீலாவணையைக் கடந்ததும், ஓர் ஊர் எங்கே முடிகின்றது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகின்றது என்று புதியவர் எவரும் பிரித்தறிய இயலாத குடியிருப்பு வரிசையொன்றினுள் புகுகின்றது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த இவ்வரிசை, ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை ஊடாக அக்கரைப்பற்று வரை நீள்கின்றது. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வட்டை முதலிய நெல்வயல்கள். இரண்டுக்குமிடையே கிடக்கும் மணற்பரப்பு சில இடங்களில் ஒரு மைல் அகலமும் இல்லாதது. 1961 ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவானபோது இக்கரையோரம் அதனுள் அடங்கிற்று.

இவ்வூர்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் பள்ளிவாசல்களையும் கோயில்களையும் கல்வெட்டுகளையும் ஏடுகளையும் தேடுவர். அவற்றுக்கு நிகரான சான்றாக இங்குள்ள சாதாரண வீட்டினையும் கொள்ளலாம். அரண்மனையோ மாளிகையோ எழாத ஒரு கரையில் மக்கள் தம் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் எதில் இட்டனரோ, அதிலேயே அவர்தம் சமூக அமைப்பும் பதிந்திருத்தல் இயல்பு. கரைவாகு மக்கள் அதனை வீட்டில் இட்டனர். அவ்வீட்டினையும் தமக்கென அன்றித் தம் மகளுக்கெனவே கட்டினர்.

வீடு மகளுக்குரியது என்னும் இவ்வழக்கத்தின் வேர்கள் தெளிவாக அறியப்பட்டவை. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய 1626 ஆம் ஆண்டளவில் கண்டி மன்னன் செனரத் அவர்களுள் நாலாயிரவரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என்பது வரலாற்றாசிரியர் பலரும் எடுத்தாளும் செய்தி. வந்தவர்கள் ஏற்கெனவே முக்குவரும் ஏனைய தமிழ்க் குடியினரும் தாய்வழி முறைமையைக் கைக்கொண்டு வாழ்ந்த ஒரு பிரதேசத்தை அடைந்தனர். மணவுறவாலும் அயலுறவாலும் அம்முறைமை இருசாராருக்கும் பொதுவாயிற்று. இன்றும் கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே 'குடி' என்பது தாய்வழியாக வருவது. பள்ளிவாசல் நிருவாகத்திலே மரைக்காயர் குடிக்கொருவராகத் தெரிவுசெய்யப்படும் மரபும் இதனையொட்டியதே. சமயம் வேறாயினும் சமூக அமைப்பில் காரைதீவும் சாய்ந்தமருதும் எத்துணை அண்மையின என்பதை இரு இனத்தாரும் அரசியல் மேடைகளில் மறந்துவிடுகின்றனர்.

சட்டத்தின் வரலாறு இதற்கு மாறான திசையிற் சென்றது. தாய்வழி உரிமையை ஏற்ற முக்குவர் சட்டம், 1876 ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், வழியுரிமை பற்றிய கட்டளைச் சட்டத்தோடு நீதிமன்றங்களில் வலுவிழந்தது. முஸ்லிம்களோ 1806 ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக் கோவைக்கும், பின்னர் 1931 ஆம் ஆண்டின் வழியுரிமைச் சட்டத்துக்கும் உட்பட்டோர். இஸ்லாமிய வாரிசுரிமையின்படி தந்தையின் சொத்தில் மகனுக்குரிய பங்கின் பாதியே மகளுக்குச் சேரும். சட்டம் இவ்வாறிருக்க, வீட்டினையும் வளவினையும் பெற்றோர் தம் வாழ்நாளிலேயே, மகளின் திருமணத்தின்போது, சீதனமாக அவள் பெயருக்கு எழுதிவிடுவது வழக்கமாயிற்று. இறப்பின் பின் பங்கிடுதற்கு வீடு எஞ்சுவதில்லை. 1969 முதல் அக்கரைப்பற்றிலே களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தாய்வழி வழியுரிமை சட்டத்தில் அழிந்தபோது சீதனத்தின் உருவில் அது உயிர்பிழைத்தது என்ற கருத்துப்படத் தம் ஆய்வுகளில் விளக்கியுள்ளார். அவரது விரிவான நூல் 2008 ஆம் ஆண்டு வெளிவந்தது.

திருமணத்தின் பின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் இளைய பிள்ளைகளுடன் அதே வளவின் பிற்பகுதியிலோ அயலிலோ மற்றொரு வீட்டினைக் கட்டிக்கொண்டு நகர்கின்றனர். அடுத்த மகள் மணமானதும் அதுவும் அவளுக்காகின்றது. இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் ஒரு வளவு அக்கா தங்கையரின் வீடுகள் மூன்றோ நான்கோ கொண்ட தொகுதியாகின்றது. கணவன் கடலுக்கோ வயலுக்கோ வியாபாரத்துக்கோ சென்றிருக்கும் பகற்பொழுதில் இவ்வளவு பெண்களின் உலகம். பிள்ளையை எந்த வீட்டில் உறங்கவைப்பது, எந்த அடுப்பில் சோறு ஆக்குவது என்பவை வளவு முழுவதற்கும் பொதுவானவை. கணவனோடு பிணக்கு ஏற்படின் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவன் அவனே. தென்னாசியாவின் பிற பகுதிகளில் மருமகளாகச் சென்ற பெண் அடையும் அவலங்களோடு ஒப்பிடுகையில் இதன் பெறுமதி விளங்கும்.

அக்கால வீட்டின் அமைப்பும் இதற்கேற்றதே. வரிச்சுக் கட்டி மண் அடித்த சுவர், கிடுகு வேய்ந்த தாழ்ந்த கூரை, முன்புறம் ஆண் விருந்தினர் அமரும் திண்ணை, உள்ளே வீட்டுப் பெண்களுக்குரிய அறை, வீட்டினின்றும் விலகிப் பின்புறத்தே குசினி, அதற்கப்பால் கிணறு, வளவைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேற்பட்ட கிடுகு வேலி. அடுத்த வீட்டுச் சகோதரி தெருவுக்கு வராமலே வந்துபோக வேலியிடையே ஒரு வழி. வெளியார் கண்ணுக்கு மறைந்தும் காற்றுக்குத் திறந்தும் இருந்த அமைப்பு அது. கிடுகு வேலி பார்வையைத் தடுக்கும், கடற்காற்றைத் தடுக்காது. கிடுகுக் கூரை சித்திரை வைகாசி வெயிலிலும் உள்ளே தண்மையைத் தரும். தென்னை, மண், மணல், பூவரசங்கம்பு என அனைத்தும் சுற்றுப்புறத்திலிருந்தே பெறப்பட்டவை. பழுதானவை மண்ணோடு மண்ணாகும். சூழலுக்கு இசைந்த கட்டடக்கலை என இக்காலத்தில் மாநாடு கூட்டிப் பேசப்படுவதை இவர்கள் வறுமையின் காரணமாகவே கைக்கொண்டிருந்தனர் என்பதும் உண்மை. கையில் பணம் வந்ததும் அவர்கள் முதலிற் செய்தது அவ்வீட்டை இடித்துவிட்டுக் கல்வீடு கட்டியதே.

அப்பணம் இரு வழிகளில் வந்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் சேனாநாயக்க சமுத்திரத்து நீரும் கரையோரத்தில் நிலமுடையோருக்கு நெல் வருவாயைப் பெருக்கின. நிலமற்றோருக்கு 1970 களின் இறுதியிலிருந்து மத்திய கிழக்கு வேலைவாய்ப்பு வழிதிறந்தது. இக்கரையில் ஆண்களோடு பெண்களும் பெருந்தொகையினராய்ப் பணிப்பெண்களாகச் சென்றனர். ஈட்டிய பணத்தில் பெரும்பகுதி சீமெந்தாகவும் ஓடாகவும் மாறியது. தன் மகளுக்கு ஒரு வீடு வேண்டும் என்பதற்காகத் தன் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு அந்நியர் வீட்டில் ஆண்டுக்கணக்காக உழைத்த தாய்மாரின் வரலாறு இவ்வீட்டுச் சுவர்களுக்குள் இருக்கின்றது. சீதன வீடு பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று கூறும்போது, அப்பாதுகாப்பின் விலையைச் செலுத்துபவளும் பெரும்பாலும் மற்றொரு பெண்ணே என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். நான்கு பெண்களைப் பெற்ற தந்தையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டோடு கைக்கூலியும் கேட்கும் வழக்கத்தை மார்க்க அறிஞர்களும் இளைஞர் இயக்கங்களும் நெடுங்காலமாகக் கண்டித்து வந்திருக்கின்றனர். ஆயினும் அக்கண்டனம் கைக்கூலியை ஓரளவு குறைத்த அளவுக்கு வீடு கொடுப்பதைக் குறைக்கவில்லை.

மகள் ஒருத்திக்கு ஒரு வீடு என்னும் கணக்கு நிலத்தைத் தின்னும் கணக்கு. மேற்கே வயல், அதனை நிரவி வீடு கட்டுவதற்குச் சட்டமும் நெல்லின் பெறுமதியும் தடை. தெற்கிலும் வடக்கிலும் அயலூர். எஞ்சியது கிழக்கு. வளவுகள் பிளந்து பிளந்து சில பேர்ச்சுகளாகக் குறுகியபின், வசதியற்ற குடும்பங்கள் கடற்கரையை நோக்கியே நகர்ந்தன. 1980 களின் நடுப்பகுதியிலிருந்து மூண்ட இன மோதல்களும் 1990 ஆம் ஆண்டின் படுகொலைகளும் மக்களைத் தத்தம் இனத்தார் செறிந்த ஊர்களுக்குள்ளேயே ஒடுங்கச் செய்தமையால் நெருக்கம் மேலும் பெருகியது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் பல வளவுகளில் இல்லாமற் போயிற்று. மழைநீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் தோணாக்களின் கரைகளிலும் வீடுகள் எழுந்தன. ஆகவே 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலை கடல் ஊருக்குள் ஏறியபோது அதன் முதல் வீச்சை ஏற்றவர்கள் வறிய மீனவரும், கடைசி மகளுக்கு வேறிடமின்றிக் கரையில் வீடு கட்டியோருமே.

அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இத்துணை உயிர்கள் பறிபோகவில்லை. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மாளிகைக்காட்டிலும் கடலோர வீதிகள் அத்திவாரம் மட்டும் எஞ்சத் துடைக்கப்பட்டன.

மீள்கட்டுமானத்தின் முதல் ஆணை ஓர் அளவுகோலாக வந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டலாகாது என்பதே அது. ஒரு மைல் அகலமும் இல்லாத நிலத்தில் 200 மீற்றரை விட்டுக்கொடுத்தல் என்பதன் பொருளைக் கொழும்பிலிருந்து வரைபடத்தில் கோடிட்டோர் சிந்தித்ததாகத் தெரியவில்லை. எதிர்ப்புகளின் பின் இவ்வெல்லை தளர்த்தப்பட்டது. அம்பாறைக் கரையில் 65 மீற்றர் என்பது நிலைத்தது. மருதமுனையில் எழுந்த வீட்டுத்திட்டமொன்று இன்றளவும் '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்றே வழங்கப்படுகின்றது. ஒரு குடியிருப்புக்கு மரத்தின் பெயரோ மனிதர் பெயரோ இன்றி ஓர் அரசாணையின் இலக்கமே பெயராக அமைந்தமை கவனிக்கத்தக்கது.

வீடுகள் இரு வழிகளில் வழங்கப்பட்டன. தடைவலயத்துக்கு அப்பால் தம் காணியில் வீட்டை இழந்தோருக்கு, முற்றாகச் சேதமடைந்திருப்பின் இரண்டரை இலட்சம் ரூபாவும் பகுதியாகச் சேதமடைந்திருப்பின் ஓர் இலட்சமும் தவணைகளாகக் கிடைத்தன. அவர்கள் தாமே கட்டிக்கொண்டனர். தொகை போதாதாயினும் குசினி எங்கே, கதவு எத்திசையில் என்பவற்றை வீட்டுக்காரியே தீர்மானித்தாள். இது புதிய முறையன்று. 1978 இல் தொடங்கிய நூறாயிரம் வீடுகள் திட்டத்திலும், 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்திலும் இலங்கை படிப்படியாகக் கற்றுக்கொண்ட பாடம் அது: அரசு சிறுகடனும் தொழில்நுட்ப உதவியும் அளித்தாற் போதும், கட்டும் ஆற்றல் மக்களிடமே உண்டு என்பது. ஆனால் தடைவலயத்துள் வாழ்ந்தோர், அதாவது மிக வறியோர், இவ்வழிக்கு உரித்தற்றோராயினர். அவர்களுக்கு வெளிநாட்டு நன்கொடையாளரே வேறிடத்தில் வீடு கட்டிக் கொடுப்பர் என்றாயிற்று.

நன்கொடை வீட்டுக்குரிய குறைந்தபட்சப் பரப்பு 500 சதுர அடி. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குசினி, ஒரு மலசலகூடம். ஏறத்தாழ ஒரே வரைபடம், சிங்கள மீனவருக்கும் தமிழ் விவசாயிக்கும் முஸ்லிம் நெசவாளருக்கும். மருதமுனை நெடுங்காலமாகக் கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கே வீடென்பது தறி நிற்கும் இடமும், பெண்கள் நூல் சுற்றும் இடமும் ஆகும். தறி வைக்க இடமில்லாத வீட்டை அவ்வூர் நெசவாளனுக்குக் கொடுத்தல், கலப்பை வைக்க இடமில்லாத வீட்டை உழவனுக்குக் கொடுப்பதினும் கொடிது. கலப்பையை வெளியில் சாத்தி வைக்கலாம். கூடத்துக்கு எதிரே மலசலகூடக் கதவு அமைந்த வீடுகளும், முன்வாயிலில் நிற்பவருக்குக் குசினி தெரியும் வீடுகளும் எழுந்தன. விருந்தினர் வந்தால் பெண்கள் எங்கே இருப்பர் என்ற வினாவை வரைபடம் கேட்கவே இல்லை. முதியோரும் உடற்குறையுடையோரும் படியேறும் வழி பற்றியும் அவ்வாறே. உடற்குறையுடையோரின் உரிமைகளுக்கான சட்டம் 1996 இலேயே நிறைவேறியிருந்தது; கட்டடங்களுக்குள் அவர்கள் எளிதில் நுழைவதற்கான ஒழுங்குவிதிகள் இவ்வீடுகள் எழுந்துகொண்டிருந்த 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவை பொதுக் கட்டடங்களைக் கருதியவை. வெள்ளத்தில் கால் முறிந்தவர் திரும்பப்போவது பொதுக் கட்டடத்துக்கு அன்று.

வரைபடத்தினும் ஆழமான பிழை உறுதியில் நிகழ்ந்தது. இழந்த வீடு ஒன்றுக்கு ஒரு வீடு என்பது கொள்கை. மணமான மகளும் பெற்றோரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருப்பின் அது ஒரு வீடே. அவ்வீடு யாருக்கு? படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற ஒரு வரி இருந்தது. வழக்கம்போல் அதில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. புதிய வீடுகள் பெரும்பாலும் அரச காணியில் எழுந்தமையால் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் நிழலும் அங்கு விழுந்தது. ஒருவர் பெயரில் அனுமதிப்பத்திரம் வழங்குவதும், வழியுரிமையில் ஆண்பிள்ளையை முற்படுத்துவதும் அச்சட்டத்தின் இயல்பு. தாய் தன் தாயிடமிருந்து பெற்ற வீடு அலையில் போயிற்று. பதிலாக வந்த வீடு அவள் கணவனுடையதாயிற்று. 1876 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் கரைக்க முடியாத ஒரு முறைமையை ஒரு நிவாரணப் படிவம் கரைக்கத் தொடங்கியது. மட்டக்களப்பிலுள்ள சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகள் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி வழங்கப்பட வேண்டுமெனக் குரலெழுப்பின. காணிச் சட்டத்தின் ஆண் முன்னுரிமை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீங்கியது. அதற்குள் கடற்கோளில் தப்பிய பல பெண்பிள்ளைகள் மணமாகி அவர்களுக்கும் பெண்பிள்ளைகள் பிறந்துவிட்டனர்.

நிலமின்மைக்குத் தீர்வாகக் கல்முனையில் 'கிரீன் பீல்ட்' எனப்படும் மாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. நிலம் குறைந்த ஊரில் மேல்நோக்கிக் கட்டுதல் ஏற்புடைய எண்ணமே. ஆனால் மாடி வீட்டுக்கு வளவு இல்லை. அதன் பின்புறத்தில் இரண்டாம் மகளுக்கு ஓர் அறை இறக்க இயலாது. வேலியிடையே தங்கைக்கு வழி விட இயலாது. வலையைக் காயவைக்கவும் மீன் உலர்த்தவும் முருங்கை நடவும் இடமில்லை. அங்கு குடியேறிய குடும்பம் அடுத்த திருமணத்தின்போது மீண்டும் நிலம் தேடவேண்டியதாகும்.

இத்தனைக்கும் மேலாக நிற்பது நுரைச்சோலை. அக்கரைப்பற்றுப் பகுதியில் கடற்கோளால் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கென சவூதி அரேபியாவின் நிதியில் அங்கு 500 வீடுகள் கட்டப்பட்டன. பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை முதலியனவும் உடன் எழுந்தன. இக்கரையின் மீள்கட்டுமானத்தில் முழுமையான ஊராகத் திட்டமிடப்பட்டது இதுவே எனலாம். ஆனால் நிலம் தீகவாபிப் புனித பிரதேசத்தைச் சார்ந்தது என்றும், அரச காணியில் எழுந்த வீடுகளை ஓர் இனத்தாருக்கு மட்டும் வழங்குதல் சமத்துவத்துக்கு முரண் என்றும் 2008 இல் வழக்குத் தொடரப்பட்டது. நாட்டின் இன விகிதாசாரத்துக்கு அமைய வீடுகள் பகிரப்படல் வேண்டும் என்ற கருத்தில் 2009 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்கோள் இன விகிதாசாரத்துக்கு அமையப் பலிகொள்ளவில்லை என்பது வேறு விடயம். வீடுகள் யாருக்கும் வழங்கப்படாமல் பூட்டிக் கிடந்தன. ஆண்டுகள் செல்லக் கதவும் யன்னலும் சிதைந்தன, புதர் மண்டியது. கட்டி முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அவை குடியேறுவாரின்றிக் கிடந்தன. கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் உறவினர் வீட்டிலுமாகக் காத்திருந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகள் அதற்கிடையில் மணவயதை எய்தினர்.

நுரைச்சோலையின் அவலத்துக்கு அரசியலே முதற்காரணம். அதனைக் கட்டடக்கலையின் தலையில் சுமத்துதல் தகாது. எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. அங்கு குடியேறவிருந்தவர்கள் திட்டத்தின் தொடக்கத்திலேயே தம் அயலவரான சிங்கள, தமிழ் மக்களோடு ஒன்றாக அமர்ந்து நிலத்தையும் வீட்டையும் தெரிவு செய்திருப்பின், வழக்குக்கான இடம் இவ்வளவு எளிதிற் கிடைத்திருக்குமா?

இவ்வாறு கேட்டுக் கட்டுதல் இலங்கைக்கு அந்நியமன்று. 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினராகிய முதல் ஆசியப் பெண் மினெட் டி சில்வா, 1950 களில் கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியர்க்கென ஏறத்தாழ 250 வீடுகள் கொண்ட குடியிருப்பைத் திட்டமிட்டார். பல இனத்தவரும் பல வருவாய் நிலையினரும் அங்கு வாழவிருந்தனர். அவர் வரைகோலை எடுக்குமுன் வினாக்கொத்தை எடுத்தார். எத்தனை பிள்ளைகள், எவ்வாறு சமைப்பர், விருந்தினர் வருவரா, வழிபாட்டுக்கு இடம் வேண்டுமா என ஒவ்வொரு குடும்பத்தையும் வினவி, கிடைத்த விடைகளிலிருந்து பல மாதிரி வரைபடங்களை உருவாக்கினார். கடற்கோளுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்நாட்டில் நிகழ்ந்த இம்முயற்சியை 2005 ஆம் ஆண்டின் திட்டமிடலாளர் பலர் நினைவிற் கொள்ளாமற் போனமை வியப்பே.

கடற்கோளின் பின் அவ்வழியில் சென்ற முயற்சியொன்று கரைவாகுக்குத் தெற்கே, அம்பாந்தோட்டை மாவட்டத்து முஸ்லிம் மீனவக் கிராமமாகிய கிரிந்தையில் நிகழ்ந்தது. 1995 இல் கோபே நிலநடுக்கத்தில் வீடிழந்தோருக்குக் கடதாசிக் குழாய்களால் குடில் அமைத்துப் புகழ்பெற்ற யப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான், 2005 முதல் 2007 வரை அங்கு வீடுகளை அமைத்தார். அவரும் ஒரு வரைபடத்தோடு தொடங்கியவரே. கிராமத்தவரோடு உரையாடியபின் அது மாறிற்று. குசினியும் மலசலகூடமும் வீட்டின் பின்பகுதிக்குத் தள்ளப்பட்டன. அவற்றுக்கும் கூடத்துக்கும் இடையே கூரையுள்ள முற்றமொன்று அமைந்தது. மீனவன் வலையைச் செப்பனிட அங்கே நிழல். பிள்ளைகள் விளையாட, உறவினர் கூடி உண்ண அங்கே இடம். விருந்தினர் வருகையில் பெண்கள் தனித்திருக்க முற்றத்தை மடிப்புத் தட்டிகளால் மறைத்துக்கொள்ளலாம். சுவர் அவ்விடத்து மண்ணை அழுத்திச் செய்த கல். மரவேலைக்கு உள்நாட்டு இறப்பர் மரம். ஒரு வீட்டின் பரப்பு 71 சதுர மீற்றர். அரசின் 500 சதுர அடியைவிட ஒன்றரை மடங்கு. 2013 ஆம் ஆண்டு இஸ்லாமிய உலகின் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதின் இறுதிப் பட்டியலில் இவ்வீடுகள் இடம்பெற்றன. மறு ஆண்டு பான் பிரிட்ஸ்கர் பரிசினைப் பெற்றார்.

கிரிந்தை வீட்டினை நோக்கும் கரைவாகுப் பெண்ணுக்கு அதில் புதுமை எதுவும் தோன்றாது. விலகிய குசினியும், இடையே மறைவான முற்றமும், மண் சுவரும் அவளுடைய மூத்தம்மாவின் வளவில் இருந்தவையே. உலகப் புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து, செவிமடுத்து, அவர்கள் கைவிட்ட வீட்டையே அவர்களுக்கு மீளக் கொடுத்திருக்கின்றார். இதனைக் குறையாகக் கூறுவதற்கில்லை. ஆயினும் செவிமடுத்தல் மட்டும் போதுமா என்பதற்கு எகிப்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. 1940 களில் கட்டடக் கலைஞர் ஹசன் பத்ஹி, பண்டைய கல்லறைகளின் மீது வாழ்ந்த குர்னா மக்களுக்கென மண்செங்கல்லால் அழகிய புதிய கிராமமொன்றை அமைத்தார். மக்கள் பெரும்பாலோர் அங்கு குடிபெயர மறுத்தனர். அவர்களின் பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது. கடலை நம்பி வாழும் ஒருவனைக் கடலுக்கு அப்பால் நகர்த்துவோர் அனைவரும் அறிந்திருக்கவேண்டிய நிகழ்ச்சி அது. கரைவலைக்காரனுக்குத் தோணியும் வாடியும் கண்ணெதிரே இருத்தல் வேண்டும்.

கடலும் தன் இடத்தில் நிற்பதாக இல்லை. 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டதன் முன்னும் பின்னுமாக அதன் வடபுறத்துக் கரை அரிக்கப்பட்டு, ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகளும் காணிகளும் கடலுள் வீழ்ந்தன. 65 மீற்றர் என்று அளந்த கோடு எங்கிருந்து அளக்கப்பட்டதோ அந்த இடமே சில பகுதிகளில் இன்று இல்லை.

இதனிடையே மக்கள் தம் வழியில் கட்டிக்கொண்டே இருக்கின்றனர். நன்கொடை வீட்டுத்திட்டங்களின் ஒழுங்கான வரிசைகள் குடியேறிய சில ஆண்டுகளுக்குள்ளேயே உருமாறத் தொடங்கின. பின்புறத்தே தகரக் கூரையிட்ட குசினி தனியாக எழுந்தது. உள்ளிருந்த குசினி அறையாயிற்று. முன்புறத்தே ஆளுயர மதில், சில இடங்களில் கிடுகு வேலி. இரு வீடுகளை அடுத்தடுத்துப் பெற்ற சகோதரிகள் நடுவேலியில் வழி திறந்தனர். ஓட்டுக் கூரையைக் கழற்றிவிட்டுக் கொங்கிறீட் தட்டு இட்டோர் உண்டு. அத்தகைய வீடுகளின் மேலே, நான்கு மூலைகளிலும் துருவேறிய இரும்புக் கம்பிகள் வானை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாம் மகளின் வீட்டுக்கான தூண்கள் அவற்றின் மீதே எழும்பும்.